12 சனிக்கிழமைகளுக்கு எந்தக் கதை?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடிக் கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ பிள்ளைகளைக் கூட்டி, ஒரு முழுக் கதையைக் கிழமைக்குக் கிழமை வாசித்துக் காட்ட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் புத்தகத்தின் பேரைப் பார்த்துத்தான் தெரிவு செய்கிறார்கள். பேர்பெற்ற கதை, படமாக வந்த கதை, தாங்கள் சின்ன வயதில் படித்த கதை. நாலாம் கிழமை பாதிப் பிள்ளைகளைக் காணவில்லை என்றால் பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது, கதையையும் குறை சொல்ல முடியாது. அத்தியாயங்கள் முடிகிற விதம் கொழும்புச் சனிக்கிழமைகளுக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு தவணைக்குள் வரும் சனிக்கிழமைகளில் போயாவில் விழுவது, தவணைப் பரீட்சைக்கு முந்தினது, இல்ல விளையாட்டுப் போட்டி நடப்பது, முதலாம் தவணை என்றால் மார்ச்சில் பிக் மெட்ச் என்று கழித்துக்கொண்டு போனால் மிஞ்சுவது 12 அளவில்தான். காலை முழுக்க ரியூஷன். ஞாயிறு அறநெறி வகுப்பு. ஆகவே சனி பின்னேரம் நாலு மணிக்கு ஒரு மணித்தியாலம். போன கிழமை நடந்ததைச் சொல்ல 5 நிமிடம், முடிவில் பிள்ளைகள் கதைக்க 15 நிமிடம் விட்டால் வாசிப்புக்கு 40 நிமிடம் இருக்கும். சாதாரண அளவுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவசரப்படாமல் சத்தமாக வாசிக்க ஏறக்குறைய 3 நிமிடம் பிடிக்கும். ஆக, கிழமைக்கு 13 பக்கம். அதற்கு மேல் திட்டம் போட்டால் கடைசி அத்தியாயத்தைத் தவணை விடுமுறைக்குப் பிறகு வாசிக்க வேண்டி வரும். அதற்குள் கதை ஆறிவிடும்.

பக்கக் கணக்குக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை பிடித்தால் காலி வீதியைத் தாண்டி யாரும் வரமாட்டார்கள். ஒரு கிழமை வராத பிள்ளைக்கு அடுத்த கிழமை கதை பிடிபடுமா? இது முதலாவது. அன்றைய வாசிப்பு முடிகிற இடத்தில் கதையில் ஏதாவது மீதி நிற்கிறதா? இது இரண்டாவது. மீதி இல்லாவிட்டால் திரும்பி வருவதற்குப் பிள்ளைக்குக் காரணமும் இல்லை.

இந்தக் கண்ணோடு பார்த்தால் 8 முதல் 11 வயது வரையான கலவைக் கூட்டத்துக்கு பினோக்கியோவை மிஞ்ச ஒன்றும் இல்லை. 11 முதல் 14 வரை, ஒழுங்காக வருகிற பிள்ளைகள் என்றால் புதையல் தீவு. மற்றவை எங்கே பொருந்தும், எங்கே சறுக்கும் என்பதையும் பார்ப்போம்.

ஆலிஸ்: கணக்கு சரி, இழுவை இல்லை

லூயிஸ் கரோல் எழுதி 1865இல் வந்த ஆலிஸின் அற்புத உலகப் பயணத்தில் சரியாக 12 அத்தியாயங்கள். கிழமைக்கு ஒன்று. அத்தியாயங்களும் 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முதலாம் அத்தியாயத்தில் முயல் பொந்துக்குள் விழுந்த ஆலிஸ், ஒரு குட்டிக் கதவின் வழியே அழகான தோட்டம் ஒன்றைக் காண்கிறாள். அதற்குள் போக வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. ஏழாம் அத்தியாயத்தில், அந்த விசர்த் தேநீர் விருந்து முடிந்ததும், தோட்டத்துக்குள் போய்விடுகிறாள். அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் வேண்டியதில்லை. எட்டில் பூநாரையை மட்டையாகவும் முள்ளெலியைப் பந்தாகவும் வைத்து ராணி விளையாடுகிற விளையாட்டு நல்ல வேடிக்கை. ஆனால் ஒன்பதும் பத்தும் போலி ஆமையின் பேச்சும் நண்டு நடனமுமாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அந்த இரண்டிலும் பகிடி முழுக்க ஆங்கில ஒலியில் தொங்குகிறது. பாட்டுகளோ, அந்தக் காலத்து ஆங்கிலப் பிள்ளைகள் மனப்பாடம் செய்த செய்யுள்களைக் கேலி செய்பவை. மூலத்தைக் கேட்டிராத பிள்ளைக்குக் கேலி எப்படிப் புரியும்?

வராத பிள்ளைக்கு இழப்பு இல்லை என்பது இந்தக் கதையின் நன்மை. வந்த பிள்ளைக்கும் அடுத்த கிழமையைப் பற்றி ஆவல் இல்லை என்பது அதன் மறுபக்கம். ஆகவே முழுவதையும் எடுக்காமல் 1, 6, 7, 8 ஆகிய நாலையும் ஒரு மாதத்துக்கு வாசிக்கலாம். ஆறில் மிளகுத்தூள் பறக்கும் குசினியும் கைக்குழந்தை பன்றிக்குட்டியாக மாறுவதும் இருக்கின்றன. சின்னவர்கள் உருண்டு சிரிப்பார்கள். சுவரில் ஒரு அளவு நாடாவை ஒட்டி ஆலிஸின் உயரத்தைக் குறித்துக்கொண்டு போவது நல்ல வேலை. முதலாம் அத்தியாயத்தில் 10 அங்குலம், இரண்டில் 9 அடிக்கு மேல், ஐந்தில் 3 அங்குலம், ஆறாம் அத்தியாய முடிவில் 2 அடி. இதைக் குறிக்காவிட்டால் "இப்ப அவள் பெரிசா, சின்னனா?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

பினோக்கியோ: மும்மூன்றாக

மரப்பொம்மை ஒன்றைப் பற்றிய கொல்லோடியின் பினோக்கியோ 36 அத்தியாயங்கள். கிழமைக்கு மூன்று வீதம் 12 கிழமை. அத்தியாயங்கள் சிறியவை. மூன்றையும் சேர்த்தாலும் பெரும்பாலும் 40 நிமிடத்துக்குள் அடங்கும்.

1881இல் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக எழுதப்பட்ட கதை இது. தொடர் எழுதுகிறவர் அடுத்த இதழ் வரை வாசகரைப் பிடித்து வைக்க வேண்டும். அந்தப் பிடி மும்மூன்றாக வெட்டினாலும் தளரவில்லை. 3ஆம் அத்தியாய முடிவில் பொம்மையைச் செய்த ஜெப்பெத்தோ மறியலில். 6ஆம் முடிவில் நெருப்புச் சட்டியில் கால் வைத்துத் தூங்கிய பினோக்கியோவுக்குப் பாதங்கள் எரிந்து போயின. 9இல் அப்பா தன் கோட்டை விற்று வாங்கித் தந்த அரிச்சுவடியை விற்றுவிட்டுப் பொம்மலாட்டம் பார்க்கப் போகிறான். 12இல் கையில் ஐந்து தங்கக் காசுடன் நரிக்கும் பூனைக்கும் பின்னால் நடக்கிறான். 21இல் கோழிக்கள்வன் என்று பிடிபட்டு, கழுத்தில் பட்டியோடு நாய்க்கூட்டில். 27இல் பின்னால் பொலிஸ் நாய் துரத்துகிறது. 30இல் விளையாட்டு நாட்டுக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. 33இல் கழுதையாகி, நொண்டியாகி, தோலை மேளத்துக்கு எடுக்க நினைப்பவன் அவனைக் கடலுக்குள் தள்ளிவிடுகிறான். 24 மட்டும் விலக்கு. அங்கே தேவதையைத் திரும்பக் கண்டுபிடித்த சந்தோஷத்தோடு முடிகிறது. எட்டுக் கிழமை இழுபட்ட பிள்ளைகளுக்கு அந்த மூச்சு வேண்டியதுதான்.

15ஆம் அத்தியாயத்தில் கவனம் வேண்டும். ஐந்தாம் கிழமையின் கடைசி அத்தியாயம் அது. கொள்ளையர் இருவர் பினோக்கியோவைப் பெரிய ஓக் மரத்தில் தூக்கிலிடுகிறார்கள். கொல்லோடி கதையை அந்த இடத்தோடு முடித்துத்தான் எழுதியிருந்தார். வாசகர்கள் விடாமல் கேட்டபடியால்தான் 1882இல் தொடர்ந்தார். பொம்மையைத் தூக்கில் விட்டுவிட்டு எட்டு வயதுப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினால் இரவே பெற்றோரிடமிருந்து தொலைபேசி வரும். எனவே அன்று மட்டும் மூன்று அத்தியாய விதியை மீறி, 16இன் பெரும்பகுதியையும் சேர்த்து வாசியுங்கள். பருந்து கயிற்றை அலகால் அறுத்து, காகமும் ஆந்தையும் வைத்தியர்களாக வந்து நிற்கிற வரை போதும். உயிர் இருக்கிறதா இல்லையா என்பதில் அந்த இரண்டு வைத்தியர்களும் ஒத்துப்போக மாட்டார்கள். கூடம் சிரிப்போடு கலையும், கதையிலும் மீதி நிற்கும். அடுத்த கிழமை 17இல் மருந்து குடிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவனைத் தூக்கிப் போக நாலு கறுப்பு முயல்கள் பாடையோடு வந்து நிற்பதிலிருந்து கதை தானாக ஓடும். பொய் சொன்னால் மூக்கு நீளும் அந்த இடமும் 17இல்தான். எல்லாருக்கும் தெரிந்த மூக்குக்குப் பிள்ளைகள் ஆறு கிழமை காத்திருக்க வேண்டும். முதல் நாளே "மூக்கு எப்ப நீளும்?" என்று கேட்பார்கள். சொல்லாமல் வைத்திருங்கள்.

7ஆம் அத்தியாயத்தை வாசிக்க மட்டும் செய்யாமல் நடித்துக் காட்டலாம். பட்டினியில் கிடக்கிற பொம்மைக்கு ஜெப்பெத்தோ தன் காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த மூன்று பேரிக்காய்களைக் கொடுக்கிறார். தோலோடு தின்ன மாட்டேன் என்கிறான். கிழவர் பொறுமையாகத் தோல் சீவி, தோலை மேசை மூலையில் வைக்கிறார். சதையைத் தின்றுவிட்டு நடுத்தண்டை எறியப் போனவனைத் தடுத்து அதையும் அங்கேயே வைக்கிறார். மூன்றும் முடிந்த பிறகும் பசி. ஒன்றும் பேசாமல் முதலில் தோல்களையும் பிறகு தண்டுகளையும் எடுத்து முழுவதையும் தின்று முடிக்கிறான். ஒரு தட்டில் மூன்று பழத்தையும் கத்தியையும் வைத்து, வாசிக்க வாசிக்கச் சீவினால் போதும். பேரிக்காய் விலை கூட என்றால் அப்பிள். பழம் சீவுகிற ஆளும் வாசிக்கிற ஆளும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்யப் போனால் வரி தவறும்.

இந்தப் புத்தகத்தில் அடிக்கடி நடக்கிற பிழை ஒன்று உண்டு. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் அதில் என்ன நடக்கப் போகிறது என்று இரண்டு வரி எழுதியிருக்கும். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு, அவன் பிள்ளையாக மாறுவதை நேரடியாகவே சொல்லிவிடும். பழக்கதோஷத்தில் தலைப்பை வாசித்தால் கதை அங்கேயே முடிந்தது. தலைப்பை மூடி வைத்து, அத்தியாயம் முடிந்த பிறகு பிள்ளைகளிடம் ஒரு தலைப்புச் சொல்லச் சொல்லுங்கள். அதன் பிறகு ஆசிரியர் வைத்ததை வாசித்தால் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வராத பிள்ளை? பினோக்கியோ ஒவ்வொரு தடவையும் புதிய ஆளிடம் மாட்டுப்படுகிறான். இடையில் ஒரு கிழமை விட்டாலும் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம். சில்வண்டுதான் விதிவிலக்கு. 4ஆம் அத்தியாயத்தில் சுத்தியலால் அடிபட்டுச் செத்த பேசும் சில்வண்டு 13இல் ஆவியாக வரும், 16இல் மூன்றாவது வைத்தியராக வரும், 36இல் ஒரு குடிசையின் கூரையிலிருந்து பேசும். நாலைத் தவறவிட்ட பிள்ளைக்கு இதை மட்டும் சொல்லி வையுங்கள்.

புதையல் தீவு: பாகங்களே வழிகாட்டும்

ஸ்டீவன்சனின் இந்த நாவல் 34 அத்தியாயம், ஆறு பாகம். பாகங்களில் உள்ள அத்தியாயங்கள் முறையே 6, 6, 3, 6, 6, 7. முதல் ஐந்தும் மூன்றால் வகுபடுகின்றன. அதாவது கிழமைக்கு மூன்று வாசித்தால் ஒரு பாகமும் நடுவில் உடையாது. கடைசி ஏழை 3, 4 என்று பிரித்தால் 11 கிழமையில் கதை முடியும். பன்னிரண்டாவது சனிக்கிழமை கையிருப்பு. மழைக்கோ போயாவுக்கோ அதை விட்டுக்கொடுக்கலாம்.

நீளம்தான் சிக்கல். ஆங்கிலத்தில் சுமார் 67,000 சொற்கள். மூன்று அத்தியாயத்தை முழுசாக வாசித்தால் 40 நிமிடம் போதாது, 55 வரை போகும். எங்கே சுருக்கலாம் என்றால் 7, 9 ஆகியவற்றில். ஏழில் ஜமீன்தார் ட்ரிலோனி பிரிஸ்டலிலிருந்து எழுதிய கடிதம், ஒன்பதில் கப்பல் கப்டனின் முறைப்பாடுகள். இரண்டையும் வாயால் சொல்லிவிடலாம். 10ஐயும் 11ஐயும் தொடக்கூடாது. அப்பிள் எடுக்க வந்த சிறுவன் ஜிம், பீப்பா ஏறக்குறைய வெறுமையாக இருந்தபடியால் உள்ளேயே இறங்கி, கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் கண் அயர்கிறான். யாரோ வந்து பீப்பாவில் சாய்ந்து உட்காருகிறார்கள். பேச்சு கேட்கிறது. கப்பலில் உள்ள நல்லவர்களின் உயிர் எல்லாம் தன் கையில் என்று அவனுக்கு விளங்குகிற இடத்தில் பத்தாம் அத்தியாயம் முடிகிறது. அந்த இடத்தில் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால் ஆவல் கூடும் என்று தோன்றும். உண்மையில் அடுத்த கிழமை வரும்போது பீப்பாவுக்குள் இருந்த பயம் கரைந்திருக்கும். இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்து, 11இன் முடிவில் கரை தெரிகிறது என்று காவலாளி கத்துகிற இடத்தில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள், அது போதும்.

ஆறாம் கிழமைதான் பிள்ளைகள் தடுமாறுகிற இடம். அதுவரை கதை சொன்னவன் ஜிம். 16, 17, 18 மூன்றையும் வைத்தியர் லிவ்சி சொல்கிறார். ஒன்றும் சொல்லாமல் வாசித்துக்கொண்டு போனால், யார் இந்த "நான்" என்று புரியாமல் பாதிப் பேர் முழிப்பார்கள். அன்றைக்கு வேறொருவரை வாசிக்க விடுங்கள். குரல் மாறினால் விளக்கமே தேவையில்லை. 18இன் கடைசியில் ஜிம் மரவேலி ஏறிக் குதித்து வருகிறான். 19இல் பழைய குரல் திரும்பட்டும்.

இது வராத பிள்ளையை மன்னிக்காத கதை. கொள்ளையர் கொடுக்கும் எச்சரிக்கைச் சீட்டான கறுப்புப் புள்ளி என்றால் என்ன என்று மூன்றாம் அத்தியாயத்தில் தெரிந்துகொள்ளாதவனுக்கு 29இல் கொள்ளையர் தங்கள் தலைவன் சில்வரிடமே அதை நீட்டும்போது ஒன்றும் விளங்காது. ஆகவே ஒரு ஏ4 தாளில் நாலு நிரல் போட்டுக்கொள்ளுங்கள்: யார், எங்கே, என்ன மாறியது, என்ன மீதி. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வரி. நாலாவது நிரல்தான் முக்கியம். முதலாம் அத்தியாயத்துக்கு அதில் "ஒற்றைக் கால் மாலுமி இன்னும் வரவில்லை" என்று எழுதினால், 8ஆம் அத்தியாயத்தில் ஊன்றுகோலோடு சில்வர் வந்ததும் பிள்ளைகள் கத்துவார்கள். ஜிம்மோ, இவ்வளவு துப்புரவான, சிரித்த முகமான மனிதன் கொள்ளைக்காரனாக இருக்க முடியாது என்று முடிவு கட்டுகிறான். பிள்ளைகளுக்கு ஜிம்மை விடக் கூடத் தெரிந்திருக்கிற அந்த நிமிடம் தாள் இல்லாமல் கிடைக்காது. தாளை வந்த பிள்ளையே வராத பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும்.

வயதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 14ஆம் அத்தியாயத்தில் சில்வர் தன் ஊன்றுகோலை எறிந்து ஒருவனை விழுத்திக் கத்தியால் குத்துகிறான். ஜிம் ஒளிந்திருந்து பார்க்கிறான். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். இன்னொன்று, கதையில் முன்னுக்கு வந்து நிற்கிற பெண் ஜிம்மின் தாய் ஒருத்திதான், அவளும் நாலாம் அத்தியாயத்தில் பெட்டியைத் திறந்து கணக்குப் பார்த்து எடுப்பதோடு கிட்டத்தட்ட சரி. பெண்பிள்ளைகள் கூடுதலாக உள்ள கூட்டத்தில் இது கேள்வியாக வரும், வரவும் வேண்டும்.

எண்பது நாளில் உலகம்

ஜூல்ஸ் வேர்ணின் நாவல் 37 அத்தியாயம். மூன்று வீதம் வாசித்தால் 11ஆம் கிழமை 33இல் முடியும். அந்த அத்தியாயத்தின் கடைசி வரியில்தான் கதாநாயகர் ஃபொக் லிவர்பூலில் கைது செய்யப்படுகிறார். கடைசிக் கிழமைக்கு நாலு. இதைவிடச் சரியாக வெட்டுவது கஷ்டம். 12ஆம் அத்தியாயமும் அப்படித்தான். உடன்கட்டைக்குக் கொண்டு போகிற பெண்ணைக் காப்பாற்றுவோமா என்று ஃபொக் கேட்கிற இடத்தில் நாலாம் கிழமை முடியும்.

ஆனாலும் இதை இரண்டாம் இடத்துக்கு மேல் வைக்க முடியவில்லை. நடுவில் வர்ணனைகள் கனம். 27இல் ஓடும் ரயிலில் மோர்மன் மதத்தின் வரலாற்றைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடலாம். இந்தியர்களைப் பற்றிய பார்வை 1872ஆம் ஆண்டு ஐரோப்பியருடையது. உடன்கட்டைப் பகுதியை விளக்கம் இல்லாமல் வாசித்தால் பிள்ளைகள் அதை இன்றைய வழக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். சுவரில் உலகப் படம் தொங்கவிட்டு நூல் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு நல்ல தெரிவு. சூயஸ், பம்பாய், கல்கத்தா, சிங்கப்பூர், ஹொங்கொங், யொகோஹாமா. பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்கு ஃபொக் தரை வழியாகப் போவதால் கொழும்புத் துறைமுகம் அவர் பாதையில் வராது. அது ஏன் என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். புவியியல் பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம்.

ஏழு, எட்டு வயதுக்காரர் மட்டும் என்றால் ஓஸ் மந்திரவாதி. 1900இல் வந்தது, 24 அத்தியாயம், கிழமைக்கு இரண்டு. டொரத்திக்கு வீடு, சோளக்கொல்லைப் பொம்மைக்கு மூளை, தகர மனிதனுக்கு இதயம், சிங்கத்துக்குத் தைரியம் என்று யாருக்கு என்ன வேண்டும் என்பது அடிக்கடி திரும்பச் சொல்லப்படும். அதனால் எந்தக் கிழமை வந்தாலும் கதை பிடிபடும். ஆறாம் கிழமை, 12ஆம் அத்தியாயத்தில், கெட்ட சூனியக்காரி தண்ணீர் பட்டுக் கரைந்து போகிறாள். உச்சம் அங்கேயே வந்துவிடுவதுதான் பலவீனம். 15இல் மந்திரவாதி வெறும் ஏமாற்றுக்காரன் என்பதும் 17இல் பலூன் டொரத்தியை விட்டுவிட்டுப் பறப்பதும் வரை தாங்கும். சண்டை போடுகிற மரங்கள், பீங்கான் ஊர், சிங்கம் அரசனாவது என்று 19 முதல் 21 வரை இழுபடும். மூன்றையும் ஒரே கிழமையில் தட்டிவிடுங்கள்.

நாடகம் எடுத்தால்

நாடகத்தை வாசிப்பது வேறு வேலை. கேட்கிறவர் யாரும் இல்லை, எல்லாரும் பாத்திரம். ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனில் 5 அங்கம், 20 காட்சி. ஆனால் அங்கத்துக்கு ஒரு கிழமை என்று போட்டால் கவிழும். இரண்டாம் அங்கத்தில் 9 காட்சி, ஐந்தாவதில் ஒன்றே ஒன்று. முதலாம் அங்கம் முழுக்க ஒரு கிழமை, இரண்டாவதன் முதல் ஆறு காட்சி அடுத்த கிழமை, மிச்சம் மூன்றும் மூன்றாம் அங்கத்தின் முதற் காட்சியும் மூன்றாம் கிழமை, மூன்றாம் அங்கத்தின் மீதி நாலாம் கிழமை, வழக்கு மன்றக் காட்சிக்கு ஒரு முழுநாள், மோதிரக் கதைக்கு கடைசி நாள். ஆறே கிழமை. தவணையின் பாதியை இதற்குக் கொடுத்து மற்றப் பாதியில் ஆலிஸின் நாலு அத்தியாயத்தை வைத்தாலும் பிழையில்லை.

கதாநாயகியை மணக்க வருகிறவர்கள் பெட்டி தெரிவு செய்கிற பேழைக் காட்சிகள் மூன்றும், அதாவது பொன், வெள்ளி, ஈயம், தூரத் தூர வருகின்றன. மொரோக்கோ இளவரசன் பொன்னைத் திறப்பது இரண்டாம் அங்கம் ஏழில், அரகோன் வெள்ளியைத் திறப்பது ஒன்பதில், பஸானியோ ஈயத்தைத் திறப்பது மூன்றாம் அங்கம் இரண்டில். உண்மையான மூன்று பெட்டியை மேசையில் வைத்திருந்தால் இடைவெளி உறைக்காது. வழக்குக் காட்சியில் 3,000 டக்கட் கடனுக்கு ஒரு இறாத்தல் சதை என்ற பத்திரம் தோற்றதும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதே காட்சியில் கடன் கொடுத்த யூதரான ஷைலொக்கை மதம் மாறச் சொல்லித் தீர்ப்பு வருகிறது. சைவம், கிறிஸ்தவம், இஸ்லாம் எல்லாம் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் கொழும்புக் கூட்டத்தில் அந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது. பதினைந்து நிமிடப் பேச்சு நேரத்தை அதற்கே விடுங்கள். மனோன்மணீயமும் இதே போல 5 அங்கம், 20 களம்தான். ஆனால் செய்யுள் நடை. உயர்தரத் தமிழ் மாணவர்களோடு என்றால் மட்டும்.

பெரியவர்கள் கேட்கிற பொன்னியின் செல்வன்

ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் இதைச் சொல்வார். ஐந்து பாகத்திலும் 57, 53, 46, 46, 91 என்று 293 அத்தியாயங்கள். கிழமைக்கு மூன்று என்றால் 98 சனிக்கிழமை. பிள்ளைகள் அதற்குள் பல்கலைக்கழகம் போய்விடுவார்கள்.

இரண்டாம் பாகத்தை மட்டும் எடுக்கலாம். கதை பெரும்பகுதி இலங்கையில் நடக்கிறது. தம்புள்ளையும் அனுராதபுரமும் பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பார்த்த இடங்கள். 53 அத்தியாயத்தை 12 கிழமையில் முடிக்கக் கிழமைக்கு நாலைந்து வேண்டும். ஆகவே பாதியை வாசித்துப் பாதியைச் சொல்ல வேண்டி வரும். தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமையை முதலாம் பாகத்தின் சுருக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஐந்து விடயம் தெரிந்தால் போதும். ஆதித்த கரிகாலன் காஞ்சியிலிருந்து வந்தியத்தேவனிடம் இரண்டு ஓலை கொடுத்து அனுப்பியது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் மதுராந்தகனை அரசனாக்கப் போட்ட திட்டம். நந்தினி யாருடைய மனைவி, யார் மேல் வஞ்சம் என்பது. சுந்தர சோழர் தஞ்சையில் நோயாளி. குந்தவை அருள்மொழிவர்மனுக்கு ஓலை கொடுத்து வந்தியத்தேவனை ஈழத்துக்கு அனுப்பியது. இதை வைத்துக்கொண்டு கோடிக்கரையில் பூங்குழலியோடு தொடங்கலாம். பதினைந்து வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும். சின்னவர்களுக்கு ஆட்களின் பேரே சுமை.

புத்தகம் வாங்கும் முன்

எதைத் தெரிவு செய்தாலும் கையில் வருவது முழுப் பதிப்பா, சுருக்கமா என்று பார்க்க வேண்டும். செட்டியார் தெருவிலோ வெள்ளவத்தையிலோ புத்தகக் கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். தமிழில் கிடைக்கும் சிறுவர் பதிப்புகளில் பல சுருக்கங்கள்தான். சுருக்கத்தில் அத்தியாய எண் மாறிவிடும். மேலே சொன்ன பிரிப்பு ஒன்றும் அதற்குப் பொருந்தாது. பினோக்கியோவில் 4ஆம் அத்தியாயத்தைத் திறவுங்கள். சில்வண்டு சாகவில்லை என்றால் அது திருத்திய பதிப்பு. கடைசியில் விழுங்குவது சுறா. திமிங்கிலம் என்று இருந்தால் படத்திலிருந்து எழுதியது. ஓஸில் டொரத்தியின் சப்பாத்து வெள்ளி. சிவப்பு மாணிக்கம் என்று இருந்தால் அதுவும் 1939ஆம் ஆண்டுப் படத்திலிருந்து வந்ததே. புதையல் தீவில் 16ஐப் பாருங்கள். வைத்தியர் பேசாமல் ஜிம்மே பேசிக்கொண்டிருந்தால் வெட்டியிருக்கிறார்கள்.

ஆங்கில மொழிமூலப் பிள்ளைகள் பலருக்குத் தமிழைக் கேட்டால் விளங்கும், வாசிக்க நேரம் எடுக்கும். அவர்களுக்கு அன்றைய அத்தியாயங்களின் ஆங்கில வடிவத்தை வீட்டுக்குக் கொடுத்து விடலாம். கரோல், ஸ்டீவன்சன், ஓஸ் கதைகளின் மூலங்களுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டது. குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாக எடுத்து அச்சிடலாம். தமிழ் மொழிபெயர்ப்பைப் போட்டோக்கொப்பி அடிப்பது வேறு விடயம், மொழிபெயர்த்தவருக்கு உரிமை இருக்கக்கூடும். வாசிக்கிறவர் கையில் ஒரு பிரதி, நாலு நிரல் தாள் ஆளுக்கொன்று. அது போதும். அடுத்த கிழமைக்குரிய பக்கங்களை முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். யாராவது ஒருவன் இரவிலேயே வாசித்துவிட்டு வந்து பீப்பாவுக்கு வெளியே யார் இருந்தது என்று எல்லாருக்கும் சொல்லிவிடுவான்.